இரும்புக் கட்டிலை வெட்டிய மாசி

என் மச்சான்மேல் விழுந்து கிடந்த பிணம்தான் அவரைக் காப்பாற்றியது.

தோட்டத்து லாரி மலாக்காவிலிருந்து ரேஷன் அரிசி ஏற்றிக்கொண்டு, புக்கிட் ரம்பாய் தாண்டி எங்கள் ரப்பர் மரங்களுக்குள் நுழைகிற திருப்பத்தில் வந்தபோது காட்டுக்காரர்கள், அதாவது வெள்ளைக்காரனோடு சண்டை போட்டுக் காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்ட்டுகள், சுட்டார்கள். டிரைவர் ஸ்டீயரிங்மேலேயே சாய்ந்துவிட்டார். லாரி கால்வாயில் போய் முட்டியது. பின்னால் மூட்டைகள்மேல் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் என் அக்காள் புருஷன். மற்றவர் ஸ்டோரில் ரப்பர்ப் பால் உறைய வைக்கிற பெரிய உடம்புக்காரர். முதல் குண்டு மச்சானின் இடது தோளெலும்பை உடைத்தது. அதற்குப் பிறகு வந்த குண்டுகளையெல்லாம் பெரிய உடம்புக்காரர் வாங்கிக்கொண்டு மச்சான்மேல் கவிழ்ந்தார். அவருடைய ரத்தம் மச்சான் முகத்தில் வடிந்து வாய்க்குள் போனது. காட்டுக்காரர்கள் மூட்டைகளை இழுத்து இறக்கும்போது ஒருவன் அந்த உடைந்த தோளிலேயே மிதித்து ஏறினான். மச்சான் சத்தம் போடவில்லை. வாயில் இருந்ததை விழுங்கிக்கொண்டு, பிழைத்தால் மாசி மகத்துக்குச் சன்னாசிமலைக்கு அலகுக் காவடி எடுக்கிறேன் என்று முருகனுக்கு நேர்ந்துகொண்டார்.

இதை அவர் ஒரே தடவைதான் எங்களிடம் சொன்னார். அதற்குப் பிறகு அவர் பேசியதெல்லாம் காவடியைப் பற்றித்தான்.

தோள் கோணலாக ஒட்டியது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவருக்கு இடது கை காதுவரைக்கும் எழும்பவில்லை. மரக் காவடி தோளில்தான் உட்காரும். அந்தத் தோளில் துண்டு போட்டாலே பல்லைக் கடித்தார். பால்குடம் எடுத்தால் சாமி கோவித்துக்கொள்ளாது என்று அக்கா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். மச்சான் கேட்கிற ஆள் இல்லை.

“அடுத்தவன் ரத்தத்த வாயில வச்சிக்கிட்டு வேண்டினது. அப்ப பால்குடம்னா சொன்னேன்?”

நான் அப்போதுதான் மலாக்கா ஆங்கிலப் பள்ளியில் கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு, முடிவு வரும்வரை அக்காள் வீட்டில் சும்மா இருந்தேன். எனக்குச் சும்மா இருக்க வராது. பள்ளி நூலகத்தில் மெக்கானிக் பத்திரிகைகளைத் தின்று வளர்ந்தவன். ஒரு கடிகாரம், ஒரு தையல் மெஷின், பக்கத்து வீட்டுப் பெட்ரோமாக்ஸ் எல்லாவற்றையும் கழற்றியாகிவிட்டது. பெட்ரோமாக்ஸ் மட்டும் திரும்ப எரியவில்லை. மச்சானின் தோளைப் பார்த்ததும் எனக்கு மூளைக்குள் சக்கரம் ஓட ஆரம்பித்துவிட்டது. பாரம் தோளுக்கு வரவே கூடாது. இடுப்பில் சதுரமாக ஒரு சட்டம், அதிலிருந்து மேலே ஏறுகிற நாலு இரும்புக் குழாய், அவற்றின் தலையில் ஒரு சைக்கிள் ரிம். ரிம்மில்தான் ஏற்கெனவே ஓட்டைகள் இருக்கின்றனவே. கம்பிகளைக் கூராக்கி அந்த ஓட்டைகள் வழியாக விட்டால் அவைதான் அலகு. அன்றைக்கே தரையில் கரியால் வரைந்து காட்டினேன். மச்சான் அதைச் சுற்றிச் சுற்றி நடந்து பார்த்தார்.

குழாய்க்கு வழியும் இருந்தது. லாரி சுடப்பட்ட மறுவாரமே தோட்டத்துக் கணக்கெழுதுகிற கிராணி பெண்டாட்டி பிள்ளைகளோடு டவுனுக்குக் குடிபோய்விட்டார். போகும்போது தன் இரும்புக் கட்டிலை அக்காளுக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். மச்சானோ தை பிறந்ததும் விரதம் தொடங்கித் தரையில்தான் படுத்தார்.

“வாழ்க்கையில மொத மொதலா ஒரு கட்டில் வந்துச்சு. அதையும் வெட்டிப் புருசன் இடுப்புல கட்டப் போறான் என் தம்பி,” என்று அக்கா கிணற்றடியில் சொல்லிச் சிரித்தாள். சிரித்துவிட்டு வீட்டுக்குள் வந்ததும் என் சட்டையைப் பிடித்தாள். சிரிப்பு இல்லை. “டேய், குழாய்டா. தெரிஞ்சுதான் பேசுறியா?”

தெரிந்துதான் பேசினேன். அந்த வருஷங்களில் குழாய் என்றாலே துப்பாக்கி. தண்ணீர்க் குழாயில் ஒரு முழம், ஓர் ஆணி, கதவுத் தாழ்ப்பாள், ரப்பர் வார் இருந்தால் காட்டில் துப்பாக்கி செய்துவிடுவார்கள். நான் பள்ளியில் படிக்கும்போது போலீஸ் ஸ்டேஷன் வாசலில் ஒரு காட்டுக்காரனின் பிணத்தை ஊர் பார்க்கப் போட்டிருந்தார்கள். வாயில் ஈ போய்ப் போய் வந்தது. ஒரு பக்கக் கன்னமே இல்லை. அவன் நெஞ்சின்மேல் அவன் வைத்திருந்த குழாய்த் துப்பாக்கியைக் கிடத்தியிருந்தார்கள். மற்ற பையன்கள் கன்னத்தைப் பார்த்தார்கள். நான் அந்தக் குழாயைப் பார்த்தேன். வெட்டின வாய் நசுங்கி, பிசிறு பிசிறாக நின்றது. அடுத்த தோட்டத்தில் கூரைக்குள் குழாய்த்துண்டு வைத்திருந்தவனை விடியற்காலை இழுத்துப் போனார்கள். அது கோழிக்கூண்டுக்கு என்று அவன் பெண்டாட்டி கத்தியதை யாரும் கேட்கவில்லை. ஆயுதம் வைத்திருந்தால் தூக்கு. அவனுக்குத் தூக்கா சிறையா என்று தெரியும் முன்பே அவன் குடும்பத்தைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

எனக்கு வேண்டியதும் முழ நீளக் குழாய்கள்தான். ஆகவே எப்படி வெட்டுவது என்பதில் கையும் தப்ப வேண்டும், மச்சான் கழுத்தும் தப்ப வேண்டும்.

ஸ்டோர் பட்டறையில் கவ்விப் பிடிக்கிற வைஸ் இருந்தது. அங்கே ஒரு ஆணி போவதானாலும் துரைக்குத் தெரிய வேண்டும். அதனால் அதை விட்டோம். மச்சானுக்கு உளியும் சுத்தியலும்தான் பிடித்தம். ரெண்டு போடு போட்டால் துண்டாகிவிடும் என்றார். நான் தடுப்பதற்குள் ஒரு போடு போட்டும்விட்டார். உருண்டைக் குழாயில் உளி நிற்குமா? வழுக்கி அவர் கட்டை விரலடியில் இறங்கியது. சதை பிளந்து வெள்ளையாக உள்ளே தெரிந்தது, பிறகுதான் ரத்தம் வந்தது. அந்த ஒரே சத்தத்துக்கு முள்வேலி ஓரத்துக் காவல் மேடையிலிருந்து ஒரு தலை எங்கள் வரிசை வீடுகள் இருந்த லயத்துப் பக்கம் திரும்பியது. குழாயோ வெட்டுப்படாமல் நசுங்கித்தான் போயிருந்தது, அந்தப் பிணத்தின் நெஞ்சில் பார்த்த மாதிரி. அரத்தால் சுற்றிவர ராவிக் கையால் ஒடிக்கலாம், சத்தமே வராது. ஆனால் ஒரு துண்டுக்கே மாசி முடிந்துவிடும். கரியடுப்பில் சிவக்கக் காய்ச்சி வெட்டலாம் என்றார் மச்சான். வேண்டாம் என்றேன்.

மிச்சமிருந்தது இரும்பறுக்கிற ரம்பம், ஆக்சா. டவுனில் ஒரு சீனர் கடையில் சட்டமும் பிளேடும் வாங்கி, சைக்கிள் பாருக்கு அடியில் கட்டிக் கொண்டுவந்தேன். ஒரு ரப்பர்க் கட்டையில் ஆழமாக ஒரு பள்ளம் வெட்டி, குழாயை அதில் கிடத்தி, மச்சானை அதன்மேல் முழங்காலால் மண்டியிடச் சொன்னேன். பிளேடின் பல் முன்பக்கம் பார்க்க வேண்டும். அழுத்தக் கூடாது, தள்ளும்போது மட்டும் கடிக்க விட வேண்டும். ஒரே இடத்தில் அறுக்காமல் குழாயை உருட்டி உருட்டி அறுத்தால் பல் மாட்டாது. அறுபடுகிற இடத்தில் ஒரு துளி தேங்காயெண்ணெய். முடிகிற நேரத்தில் துண்டு தொங்கிப் பிளேடைக் கடித்துக்கொள்ளாமல் இன்னொரு கை தாங்க வேண்டும். கடைசியில் வாயை அரத்தால் மழித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அதுவே கத்தி. இதையெல்லாம் நான் பிரசங்கம் மாதிரி சொன்னேன். மச்சான், “வாத்தியார் வேலைக்கே போ மாப்ள, இரும்பு உன்கிட்டருந்து தப்பிச்சிக்கும்,” என்றார்.

அறுக்கிற சத்தத்தை மறைக்க அக்கா வாசலில் உரல் இடித்தாள். இடிக்க என்ன இருந்தது? ரேஷனில் அளந்து கொடுக்கிற அரிசியில் மாவு இடிக்க யாருக்கும் வழியில்லை. வெறும் உரலை இடித்தாள். ரெண்டாம் நாளே பக்கத்து வீட்டு அத்தை வந்து, எங்கிருந்து அரிசி வந்தது என்று காதுக்குள் கேட்டாள். ஒளித்து வைத்த அரிசி காட்டுக்குப் போகிற அரிசி என்றுதான் மாத்தாக்கள், அதாவது போலீஸ்காரர்கள், நினைப்பார்கள். குழாயை மறைக்கப் போய் அரிசியில் மாட்டியிருப்போம். அன்றிலிருந்து அக்கா காய்ந்த மிளகாயைப் போட்டு இடித்தாள். நாங்கள் மூவரும் தும்மிக்கொண்டே வேலை செய்தோம்.

முதல் கால் அறுபட்டபோது உள்ளேயிருந்து கறுப்பாக ஏதோ வடிந்தது. முகர்ந்தால் மண்ணெண்ணெய். விஷயம் உடனே புரிந்தது. எங்கள் தோட்டங்களில் ஓட்டை எதுவாக இருந்தாலும் ரப்பர்ப் பாலை ஊற்றித்தான் அடைப்பார்கள், கூரை ஒழுகினாலும் சரி, சட்டி ஒழுகினாலும் சரி. கட்டில் குழாய்க்குள் மூட்டைப்பூச்சி குடியிருந்ததால் கிராணி வீட்டில் மண்ணெண்ணெய் ஊற்றி, இரண்டு வாயையும் பாலால் அடைத்து, காய்ந்ததும் மேலே பெயின்ட் அடித்துவிட்டார்கள். நல்ல வேளை, அடுப்பில் வைக்கவில்லை என்றேன். மச்சானும் முகர்ந்து பார்த்துத் தலையாட்டினார்.

இடுப்புச் சட்டம் முடிந்தது. மேலே ஏறுகிற நாலில் மூன்று முடிந்தது. நாலாவது, இடது தோள் பக்கத்துக் குழாய்க்குக் கட்டிலின் குறுக்குச் சட்டத்தை எடுத்தோம். பாதியில் பிளேடு ஒடிந்தது. மகத்துக்கு நாள் நெருங்கிவிட்டிருந்தது. நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் பறந்தேன்.

திரும்பி வந்து தோட்டத்துக் கேட்டில் நிற்கிறேன். கேட்டில் இருந்தவன் காவலுக்குப் போட்டிருந்த ஸ்பெஷல் கான்ஸ்டபிள், பக்கத்துக் கம்பத்து, அதாவது மலாய்க் கிராமத்து, ஆள். என் வயதுதான் இருக்கும். என் சைக்கிள் பிரேக்கைப் பற்றி எப்போதும் ஏதாவது கேட்பான். அன்றைக்கும் பிரேக்கை அழுத்திப் பார்த்துக்கொண்டு, பாருக்கு அடியில் கட்டியிருந்த பிளேடைத் தொட்டு, “ஆப்பா இனி?” என்றான். இது என்ன என்று கேட்ட அவன் வாய் மூடுவதற்குள் லயத்திலிருந்து வெடிச்சத்தம் வந்தது.

குண்டேதான் என்று நினைத்தேன். அவனும் அப்படித்தான் நினைத்தான். என்னைத் தள்ளிவிட்டு மண்ணில் விழுந்து லயத்தைப் பார்த்துச் சுட ஆரம்பித்தான். காவல் மேடையிலிருந்தும் சுட்டார்கள். தகரச் சுவர்களில் குண்டு பாய்கிற சத்தம் பக்கத்தில் நின்று ஆலங்கட்டி மழை கேட்பது மாதிரி இருந்தது. பெண்கள் அலறினார்கள். சுடாதே, சுடாதே என்று நான் அவன் காலைப் பிடித்து இழுத்தேன். அவன் காலை உதறிக்கொண்டான். சுடுவதை மட்டும் நிறுத்தவில்லை.

நடந்தது இதுதான். நான் போன பிறகு மச்சானுக்குப் பொறுக்கவில்லை. மண்ணெண்ணெய் கட்டில் கால்களில் மட்டும்தான் ஊற்றியிருப்பார்கள், குறுக்குச் சட்டத்தில் பூச்சி எங்கே ஏறப்போகிறது என்று அவரே முடிவு கட்டி, பாதி அறுபட்ட குழாயைக் கரியடுப்பில் திணித்துவிட்டார். பிளேடு இன்னும் உள்வரைக்கும் இறங்கவில்லை. இரண்டு வாயிலும் ரப்பர் அடைப்பு. குழாய் வெடித்துக் கூரைத் தகரத்தைக் கிழித்தது. வெடித்த துண்டு கதவு நிலையில் போய்ச் செருகி நின்றது. மச்சானின் வலது முன்கை முழங்கைவரை தோலுரிந்து தொங்கியது. ஒரு குண்டு வாசல் பீப்பாயைத் துளைத்துப் பக்கத்து வீட்டு அத்தையின் தொடையில் சதையைப் பிய்த்துக்கொண்டு போயிருந்தது. அத்தை பீப்பாய்த் தண்ணீரிலேயே உட்கார்ந்து தொடையைப் பொத்திக்கொண்டு, சுட்டவனின் ஏழு தலைமுறையையும் கூப்பிட்டுத் திட்டிக்கொண்டிருந்தாள்.

நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது ஸ்பெஷல்கள் மச்சானை முடியைப் பிடித்து வாசலுக்கு இழுத்திருந்தார்கள். என்னோடு ஓடிவந்த கேட்டுக்காரன்தான் முதலில் அடித்தான். துப்பாக்கிக் கட்டையைத் திருப்பி அவர் வாயில் இடித்தான். பல் தெறித்தது. இன்னொருவன் அதே இடது தோளில் பூட்ஸால் மிதித்தான். முன்பு லாரியில் சத்தம் போடாதவர் இப்போது கத்தினார். உள்ளே போனவன் குழாய்களைக் கொண்டுவந்து ஒவ்வொன்றாக மண்ணில் போட்டான். எல்லாம் முழ நீளம். வாய் மழித்து, பளபளவென்று, எண்ணெய் போட்டது. என் வேலை அவ்வளவு சுத்தம். அந்தச் சுத்தத்தைப் பார்த்துத்தான் அவர்கள் முகம் மாறியது.

பெரிய வண்டியில் வெள்ளைக்கார அதிகாரி வந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர் இருப்பார். வெயிலில் தோலுரிந்த மூக்கு. ஒரு குழாயை எடுத்து உள்ளே பார்த்தார், நெருப்பில் வெடித்ததைப் பிடுங்கி முகர்ந்தார். ஏற்றுங்கள் என்று கையைக் காட்டினார். மச்சானின் கைகளைப் பின்னால் கட்டினார்கள், தோலுரிந்த கையையும் சேர்த்து. அந்த வண்டியில் ஏறினால் அவர் திரும்பமாட்டார். அக்கா வண்டியின் முன்சக்கரத்துக்கு முன்னால் போய்ப் படுத்துக்கொண்டாள்.

பள்ளியில் படித்த ஆங்கிலமெல்லாம் ஒரே மூச்சில் என் வாயிலிருந்து கொட்டியது. இது சாமிக்கு, இடுப்பில் கட்டுவது, இவர் தோள் உடைந்தவர், அதை உடைத்தவர்கள் காட்டுக்காரர்கள், உங்கள் அரிசிக்காக உடைந்த தோள் அது என்றேன். அதிகாரி சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. துப்பாக்கி இல்லையென்றால் என்னவென்று காட்டு, இவன்மேலேயே மாட்டிக் காட்டு என்றார்.

அக்காவுக்கு அதைத் தமிழில் சொன்னதும் படுத்த இடத்திலிருந்தே கத்தினாள். “விரத உடம்புடா. ரத்தம் பட்டிருக்கு. நாளுக்கு முன்னால மாட்டினா எடுத்த காவடி எறங்கிடும்டா, நேர்ந்தது வீணாப் போயிடும்.”

மச்சான் வாயிலிருந்ததைத் துப்பினார். ரத்தத்தோடு இன்னொரு பல் விழுந்தது.

“போடு மாப்ள. சாமி காத்திருக்கும். இவன் காத்திருக்க மாட்டான்.”

கட்டை அவிழ்த்தார்கள். நான் மண்டியிட்டு இடுப்புச் சட்டத்தை மாட்டினேன். சைக்கிள் டியூபைக் கிழித்து வைத்திருந்த வாரால் மூலைகளைக் கட்டினேன். மேலே மூன்று குழாய்களை நிறுத்தினேன். ரிம்மைத் தலை வழியாக இறக்கிக் குழாய்களின்மேல் வைத்தேன். என் விரலெல்லாம் அவர் ரத்தத்தில் வழுக்கியது. ரிம் இடது பக்கமாகச் சாய்ந்து விழப் பார்த்தது, அங்கே மட்டும் தாங்கக் குழாய் இல்லை. அதிகாரி தன் கையிலிருந்த வெடித்த துண்டைப் பார்த்தார், இடைவெளியைப் பார்த்தார். அவரே நடந்து வந்து துண்டை அங்கே வைத்தார். கிழிந்து வளைந்திருந்தாலும் இரும்பில் நான் போட்ட அளவுக் கீறல் ரிம்முக்கு நேராக வந்து நின்றது. கோணல் தோளுக்காக மற்றவற்றைவிட அரை விரல் கட்டையாகக் கீறியிருந்தேன். ரிம் நேராயிற்று.

அதிகாரி துண்டைத் திரும்பக் கையில் எடுத்துக்கொண்டார். பிறகு மச்சானை விட்டுவிடச் சொன்னார். ஆனால் குழாய் இந்த நீளத்தில் இந்தத் தோட்டத்தில் இருக்கக் கூடாது, ஒவ்வொன்றையும் விரல் நீளத்துக்கு வெட்டு, இப்போதே, என் கண் முன்னால் என்றார்.

என் சைக்கிளிலிருந்து புதுப் பிளேடை அந்தக் கேட்டுக்காரனே அவிழ்த்துக் கொண்டுவந்தான். ரப்பர்க் கட்டையை வாசலில் வைத்தேன். அவன் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு குழாயின்மேல் முழங்காலை வைத்துப் பிடித்தான். பல் முன்பக்கம், அழுத்தாமல், உருட்டி உருட்டி. அக்கா உரல் இடிக்கவில்லை. ரம்பச் சத்தம் லயம் முழுக்கக் கேட்டது, யாரும் பயப்பட வேண்டியிருக்கவில்லை. இவ்வளவு பத்திரமாக நான் அதுவரை வெட்டியதில்லை. இடுப்புச் சட்டம், மூன்று குழாய், எல்லாம் துண்டுகளாகி மண்ணில் உருண்டன. வெட்டி முடித்ததும் பழக்கத்தில் அரத்தை எடுத்து வாய்களை மழிக்க உட்கார்ந்தேன். போதும் என்று அதிகாரி வண்டியில் ஏறிவிட்டார். நான் மழித்துக்கொண்டே இருந்தேன்.

மச்சானின் கையில் ஆஸ்பத்திரிக் களிம்பு, வாயில் பல் இல்லை, காவடியும் இல்லை. அக்கா பால்குடத்தைத் தேய்த்து வைத்தாள். அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மகத்துக்கு முந்தின நாள் சட்டிக்குள் கிடந்த துண்டுகளை எடுத்து விளக்குக்கு முன்னால் வரிசையாக வைத்து, “இதுக்கு ஓட்டை போடு மாப்ள,” என்றார். எதற்கென்று கேட்டேன். தன் நெஞ்சைக் காட்டினார்.

மாசி மகத்தன்று காலை ஆற்றங்கரையில் பூசாரி அவர் உடம்பில் கொக்கிகளைக் குத்தினார். எலுமிச்சம்பழம் தொங்க வேண்டிய கொக்கிகளில் கட்டில் துண்டுகள் தொங்கின. நெஞ்சிலும் முதுகிலும் தோல் கூடாரம் மாதிரி இழுபட்டது. பழத்தைவிடப் பாரம் அதிகம். நடந்தால் ஒன்றோடொன்று மோதின. அவர் முகத்தைச் சுளிக்கவில்லை. தோளுக்குப் பாரமே இல்லை என்று நான் சொன்னபோது மட்டும் பல்லில்லாத வாயால் லேசாகச் சிரித்தார்.

சன்னாசிமலைக்குப் போகிற சாலையில் தடுப்பு போட்டிருந்தார்கள். கேட்டுக்காரன் அங்கேயும் நின்றான். மச்சானைப் பார்த்ததும் அவன் முகம் வெளுத்தது. சோதிக்க வேண்டும், பின்னால் அவனுடைய சார்ஜென்ட் பார்த்துக்கொண்டிருக்கிறான். நெஞ்சுக்கு நேராகத் தொங்கிய ஒரு துண்டை விரலால் தூக்கி, குனிந்து, ஒரு கண்ணை மூடி உள்ளே பார்த்தான். இந்தப் பக்கம் அவன், அந்தப் பக்கம் மச்சானின் இழுபட்ட தோல். கொக்கியிலிருந்து ஒரு துளி ரத்தம் குழாய் வழியாக ஓடி அவன் விரலுக்கு வந்தது. விரலைக் காற்சட்டையில் துடைத்தான்.

“ஜாலான்லா,” என்றான் மெதுவாக. நடங்கள் என்று அர்த்தம்.

மச்சான் நடந்தார். மலை வரைக்கும் அந்தக் கட்டில் சத்தம் போட்டுக்கொண்டே வந்தது.